புற்றுநோய் பரவியிருக்கிறது, ஆனால் தொடங்கிய இடம் தெரியவில்லை என்றால் எப்படிச் சிகிச்சை தருவார்கள்?

கழுத்து நெறிக்கட்டியிலோ ஈரலிலோ எலும்பிலோ புற்றுநோய் இருப்பது உறுதியாகிவிடும்; அது கிளம்பிய உறுப்பு மட்டும் எந்த ஸ்கேனிலும் அகப்படாது. மொத்தப் புற்றுநோய்களில் சுமார் 2 முதல் 5 சதவீதம் இப்படி வெளிப்படுகின்றன. குடும்பத்தார் உடனே அடுத்த ஸ்கேனுக்கு அலைவார்கள். ஆனால் விடை கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடம், பயாப்ஸியில் எடுத்த திசு.

மெல்லிய ஊசியால் உறிஞ்சும் செல்கள் 'புற்றுநோய்தான்' என்று சொல்லப் போதும். 'எங்கிருந்து வந்தது' என்று கேட்கப் பெரும்பாலும் போதாது. அதற்குத் தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்ஸி வேண்டும், அதிலும் பல துண்டுகள். எடுத்தவுடன் 10 சதவீத ஃபார்மலினில், திசுவின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவத்தில் போட வேண்டும். எலும்புத் துண்டைக் கடும் அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கினால் டி.என்.ஏ. சிதைந்து, பிறகு மரபணுப் பரிசோதனைக்கு உதவாது, இ.டி.டி.ஏ. கரைசல் மெதுவானது, ஆனால் திசுவைக் காப்பாற்றும்.

அடுத்தது இம்யூனோ சாயப் பரிசோதனை, அதாவது செல்லில் எந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று சாயத்தால் கண்டறிவது. முதலில் பார்ப்பது சி.கே.7, சி.கே.20 என்ற புரதங்கள். சி.கே.20-உம் சி.டி.எக்ஸ்.2-உம் பாசிட்டிவ், சி.கே.7 நெகட்டிவ் என்றால் பெருங்குடல் பக்கம் பார்க்க வேண்டும். டி.டி.எஃப்.1 நுரையீரலையோ தைராய்டையோ காட்டும். காட்டா3 மார்பகத்தையோ சிறுநீர்ப்பையையோ. எந்தச் சாயமும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. சந்தேகத்துக்கெல்லாம் ஒரு சாயம் என்று இருபது முப்பது போட்டால் பிளாக் (திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த கட்டி) தீர்ந்துபோகும். மரபணுப் பரிசோதனைக்குத் திசு மிஞ்சாது. இது அடிக்கடி நடக்கிற, தவிர்க்கக்கூடிய இழப்பு.

லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்ற சந்தேகம் இருந்தால் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கக்கூடாது. கட்டி சுருங்கி, திசுவில் விடை மங்கிவிடும். சி.இ.ஏ., சி.ஏ.19-9 போன்ற ரத்தப் பரிசோதனைகள் பல நோய்களில் உயரும், மூலத்தைக் காட்டாது. ஆணுக்கு எலும்பில் பரவியிருந்தால் புராஸ்டேட்டைச் சுட்டும் பி.எஸ்.ஏ.வும், இளைஞருக்கு நெஞ்சின் நடுவிலோ வயிற்றின் பின்புறமோ கட்டி இருந்தால் இனச்செல் கட்டிகளைச் சுட்டும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி.யும் அவசியம் பார்க்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. சுமார் 15 முதல் 20 சதவீதம் பேர் நன்றாகக் குணம் காணக்கூடிய பிரிவுகளில் வருவார்கள். பெண்ணுக்கு அக்குளில் மட்டும் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் வகைப் புற்றுநோய்) என்றால், மேமோகிராம் சுத்தமாக இருந்தாலும் மார்பக எம்.ஆர்.ஐ. எடுத்து, மார்பகப் புற்றுநோயாகவே சிகிச்சை தருவார்கள். பெண்ணுக்கு வயிற்று உறையில் சீரஸ் என்ற அடினோகார்சினோமா வகை பரவியிருந்தால் சினைப்பைப் புற்றுநோய்க்கான சிகிச்சை.

கழுத்து நெறிக்கட்டியில் ஸ்குவாமஸ் (தட்டைச் செல்) வகை வந்தால் வரிசை முக்கியம். கட்டியை முதலிலேயே வெட்டி எடுத்துவிடக்கூடாது. ஊசிப் பரிசோதனை, எச்.பி.வி. வைரஸ் தொடர்பைச் சுட்டும் பி16 சாயம், பிறகு பெட் ஸ்கேன், அதன்பின் மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையை உள்நோக்கியால் பார்த்துத் திசு எடுப்பது. பெட் ஸ்கேனைக் கடைசிக்குத் தள்ளினால் தொண்டையில் திசு எடுத்த புண்களே கட்டிபோல ஒளிரும். பி16 பாசிட்டிவ் என்றால் மூலம் பெரும்பாலும் டான்சிலிலோ அடிநாக்கிலோ ஒளிந்திருக்கும். மூலமே கிடைக்காவிட்டாலும் கழுத்து அறுவையும் கதிர்வீச்சும் முழுக் குணத்தை இலக்காக வைத்தே தரப்படும்.

எந்தப் பிரிவிலும் சேராதவர்களுக்கு வழக்கம் கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் கூட்டுக் கீமோ. பலன் குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. 2024-இல் வெளியான கப்பிஸ்கோ ஆய்வில், முதல் 3 சுற்றுக் கீமோவில் நோய் கட்டுப்பட்டவர்களுக்கு மரபணு முடிவின்படி மருந்தை மாற்றியபோது, நோய் வளராமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 6.1 மாதம், கீமோவையே தொடர்ந்தவர்களுக்கு 4.4. அதனால் மரபணுப் பரிசோதனையை கீமோ தோற்ற பிறகு அல்ல, தொடக்கத்திலேயே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவமனை மாறினால் அறிக்கையின் நகல் போதாது. பாரஃபின் பிளாக்கையும் சாயமிட்ட சிலைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.