வாக்கரின் 42 ஆட்டங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாக்கி ராபின்சன் கட்டுரையில், அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு 63 ஆண்டுகள் முன்பே மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கேட்சர் ஆடியிருக்கிறார். ஆனால் 42 ஆட்டங்கள்தான், மட்டைச் சராசரி .263. அதனால்தான் அவரை விட்டுவிட்டீர்களா?

க.

அன்புள்ள க.,

இல்லை, அது என் பிழை. கட்டுரையைத் திருத்திவிட்டேன். ஆனால் "42 ஆட்டங்கள்தான்" என்று நீங்கள் எழுதியதை அப்படியே விட மனம் வரவில்லை.

வாக்கர் ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1884இல் டொலிடோ அணிக்குக் கேட்சர். நம் விக்கெட் கீப்பர்போல மட்டையாளருக்குப் பின்னால் நிற்கும் இடம் அது. பஞ்சு திணித்த பெரிய கையுறை அப்போது வந்திருக்கவில்லை. அடுத்த பந்து எது என்று, பந்து வீசும் பிட்சருக்குச் சைகை காட்டுவது கேட்சர்தான். அது தெரிந்தால்தான் கையை எங்கே கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியும்.

அந்த அணியின் முதன்மை பிட்சர் டோனி முல்லேன். அவ்வாண்டு 36 வெற்றிகள் அவர் பெயரில் உள்ளன. பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டது இது: தான் கண்ட கேட்சர்களில் வாக்கரே சிறந்தவர், ஆனால் கறுப்பர் என்பதால் அவர் சைகையை மதிக்காமல் தோன்றியதை வீசினேன். ஒருநாள் வாக்கர் நேராக வந்து, சைகை காட்டி ஏமாறுவதைவிடச் சைகையே இல்லாமல் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அதன்பின் என்ன வரும் என்றே தெரியாமல் எல்லாவற்றையும் பிடித்தார் என்கிறார் முல்லேன்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எதிரணியின் பந்து அல்ல, தன் அணிக்காரனின் பந்து! .263 என்ற எண்ணில் இது எங்கே இருக்கிறது?

ஜூலையில் பந்து பட்டு விலா எலும்பு முறிந்தது. செப்டம்பரில் அணி அவரை விடுவித்தது. அத்துடன் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1887இல் நியூவர்க் அணிக்கு ஆடினார். கறுப்பர்களுடன் ஆட மறுத்துவந்த சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன் ஜூலை 14 அன்று அங்கே வந்தபோது, வாக்கரும் கறுப்பின பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவியும் களமிறங்கவில்லை. அதே நாளில், நியூவர்க் ஆடிவந்த இன்டர்நேஷனல் லீக்கின் அணி உரிமையாளர்கள், இனிக் கறுப்பர்களைப் புதிதாக ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்களித்து முடிவெடுத்தார்கள்.

வாக்கர் அதன்பிறகும் சிரக்யூஸ் அணிக்காக 1889 வரை அந்த லீக்கில் ஆடினார். அவருக்குப்பின் அங்கே அடுத்த கறுப்பின வீரர் வந்தது 1946இல், மான்ட்ரியால் அணிக்காக. அவர்தான் ஜாக்கி ராபின்சன்.