மேல்தாடையை முன்னகர்த்தினால் மூக்கு மாறுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். மேல்தாடை உள்வாங்கியிருப்பதால் என் கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே கடிபடுகின்றன. பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறேன். அடுத்ததாக மேல்தாடையை 6 மில்லிமீற்றர் முன்னகர்த்தும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் வைத்தியர். "மூக்கு சப்பையாகிப் போகும்" என்று பெரியம்மா பயப்படுத்துகிறார். இது உண்மையா? மூக்கையும் அதே நாளில் திருத்திக்கொள்ளலாமா?

பதில்: அன்பு மகள், மூக்கு மாறும் என்பது உண்மைதான், சப்பையாகும் என்பது சரியன்று. மூக்கின் அடிப்பகுதி மேல்தாடை எலும்பின் மீதே அமர்ந்திருக்கிறது. அவ்வெலும்பு முன்னே வரும்போது மூக்கின் நுனி சற்று மேலெழும். அவ்வெலும்பை அடைய உதட்டின் உட்புறத்தில் வெட்டி, எலும்பில் ஒட்டியிருக்கும் தசைகளைப் பிரித்தெடுப்பதால், அவை மீண்டும் ஒட்டும்போது பக்கவாட்டில் விலகி மூக்குச் சிறகுகளை, அதாவது மூக்குத் துளைகளின் வெளிப்பக்கங்களை, அகலமாக்கும். அதேவேளை, உங்களைப் போல் மேல்தாடை உள்வாங்கியவர்களுக்கு மூக்கின் இருபுறமும் காணப்படும் பள்ளம் நிரம்புவதால், முகம் முன்னைவிட இசைவாகத் தோன்றுவதே வழக்கம். பலருக்கு மூச்சு விடுவதும் இலகுவாகிறது.

அகலத்தைக் கட்டுப்படுத்த வழியுண்டு. காயத்தை மூடுமுன் இருபுறச் சிறகுகளின் அடித்தசையை உள்ளிருந்தே ஒரு தையலால் நடுவை நோக்கி இழுத்துக் கட்டுவார்கள். நுனி அதிகம் உயராதிருக்க, மூக்கின் அடியில் துருத்தி நிற்கும் சிறு எலும்பு முனையைச் செதுக்குவதும் உண்டு. தையல் நாளடைவில் ஓரளவு தளரக்கூடும் என்பதால், அது அகலத்தைக் குறைக்குமே தவிர முற்றாகத் தடுக்கும் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது.

இரண்டையும் ஒரே நாளில் செய்யும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் தாடைச் சத்திரசிகிச்சையின்போது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் கடிபடும் விதத்தைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் மயக்கத்துக்கான சுவாசக் குழாய் மூக்கு வழியாகவே செல்கிறது. மூக்கைத் தொட வேண்டுமானால் அதை இடையில் வாய்க்கு மாற்ற வேண்டும். அதைவிட முக்கியமாக, வீங்கிய முகத்தில் மூக்கின் இறுதி வடிவத்தைக் கணிப்பது கடினம். வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடிந்தாலும், மூக்கும் உதடும் முழுமையாக அடங்க 6 முதல் 12 மாதங்கள் ஆகும். ஆகவே, இன்னொரு தடவை வைத்தியசாலைக்கு அலைய நேர்ந்தாலும், பொறுத்திருந்து முடிவெடுப்பதையே நான் விரும்புவேன். அந்த நேரத்தில் மூக்குத் திருத்தமே வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றவும் கூடும்.

அடுத்த கிளினிக் நாளில் பெரியம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள். மூக்கின் அகலத்தை இப்போதே அளந்து பதிவார்களா, அந்தத் தையலைப் போடுவார்களா, மூக்கின் நடுச்சுவர் ஏற்கெனவே வளைந்திருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முன்புறம், பக்கவாட்டு, கீழிருந்து என மூன்று கோணங்களிலும் புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு மூக்கைத் திருத்த நேர்ந்தால் அந்த நிபுணருக்கு அவை அவசியம் தேவைப்படும்.