நியூட்ரினோ தீங்கு செய்யாது என்றால் தேனிப் பக்கம் ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற மிகச் சிறிய துகளை ஆராயும் கூடம் அமைக்கும் திட்டத்துக்கு வந்த எதிர்ப்பு அது. ஒரு தொழில்நுட்பத்தின் ஆபத்தை நாமே கணக்குப் போட முடியாதபோது, அதை நடத்துகிறவரை எடைபோடுகிறோம். இதுதான் பொதுநம்பிக்கை. தமுக்கம் பொருட்காட்சியில் ராட்டினக்காரர் கம்பியைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தால் பிள்ளையை ஏற்றுவோம். போனில் பேசிக்கொண்டே பூட்டினால் இறக்கிவிடுவோம். ராட்டினம் அதேதான்.

பொட்டிப்புரம் மக்களுக்கு நியூட்ரினோ பாதிப்பில்லாதது என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். உண்மைதான், சூரியனிலிருந்து வருபவை நொடிக்குக் கோடிக்கணக்கில் நம் உடம்பைத் துளைத்துப் போகின்றன. ஊர் கேட்டது வேறு: சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு வெடி வைத்தால் கிணற்று ஊற்று என்னாகும்? தோண்டிய கல் எங்கே போகும்? மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால் 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்ததும், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

‘அறிவியல் தெரியாததால் பயப்படுகிறார்கள்’ என்பது தவறான எண்ணம். பாறைக்கு வெடி வைத்தால் வீட்டுச் சுவர் என்னாகும் என்று கல்குவாரிப் பக்கத்து ஊர்களுக்கு நன்றாகவே தெரியும்.