புளூடூத் பட்டியலில் தங்கிவிட்ட பழைய பெயர்கள்: ஃபோனில் நீக்கினால் போதுமா?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு ஃபோனின் புளூடூத் பட்டியலில் 17 பெயர்கள் இருக்கின்றன. உடைந்துபோன ஹெட்போன், போன வருடம் விற்ற கார், அக்கா வீட்டு ஸ்பீக்கர் ஆகியவை தெரிகின்றன. மூன்று பெயர்கள் யாருடையவை என்றே தெரியவில்லை. ஒரு பெயர் எத்தனை முறை நீக்கினாலும் மறுநாள் திரும்ப வந்து நிற்கிறது. அப்பாவும் நானும் ஒரே ஃபோனைப் பயன்படுத்துகிறோம். அவருடைய காது கேட்கும் கருவியும் இதில்தான் இணைந்திருக்கிறது. அதைத் தவறுதலாக அழித்துவிடுவேனோ என்ற பயத்தில் எதையும் தொடாமல் இருக்கிறேன். என்ன செய்யலாம்?
— வாசகர், தேனி

பதில்: அப்பாவின் கருவியிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்பீக்கரைத் தவறுதலாக நீக்கினால் ஒரு நிமிடத்தில் மீண்டும் இணைத்துக்கொள்ளலாம். காது கேட்கும் கருவி அறுந்துபோனால், நீங்கள் கவனிக்கும்வரை அவருக்கு ஃபோன் அழைப்பு எதுவும் சரியாகக் கேட்காது. ஆகவே எதையும் நீக்குவதற்கு முன்பு அதற்குப் பெயர் மாற்றிவிடுங்கள். பட்டியலில் அதன் பெயருக்கு அருகே இருக்கும் பற்சக்கரக் குறியைத் தொட்டால் தனிப் பக்கம் திறக்கும். அங்கே பென்சில் படம் இருக்கும். அதைத் தொட்டு ‘அப்பா காது – தொடாதே’ என்று தமிழிலேயே எழுதிவிடலாம். சில கருவிகள் இடது, வலது என்று இரண்டு பெயர்களாகத் தெரியும். அப்படியானால் இரண்டையும் மாற்றுங்கள்.

ஒருவேளை அது அழிந்துவிட்டாலும் கலங்க வேண்டாம். பேட்டரி போடும் வகையாக இருந்தால் பேட்டரிக் கதவைத் திறந்து மூடுங்கள். சார்ஜ் செய்யும் வகையாக இருந்தால் சார்ஜரில் வைத்து எடுங்கள். பெரும்பாலான கருவிகள் அதன்பின் சில நிமிடங்களுக்குப் புதிய இணைப்பை ஏற்கும். அந்த நேரத்துக்குள் ஃபோனில் தேடிச் சேர்த்துவிடலாம். சில ஃபோன்களில் இது புளூடூத் பக்கத்தில் கிடைக்காது. ‘அக்சசிபிலிட்டி’ பகுதியில் ‘ஹியரிங் டிவைசஸ்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஐபோனிலும் அங்கேதான் பார்க்க வேண்டும். உடலில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவு சென்சார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் செயலியே சொன்னால் ஒழிய, புளூடூத் பட்டியலில் அந்தப் பெயரைத் தொடாதீர்கள்.

இப்போது 17 பெயர்களுக்கு வருவோம். இவ்வளவு பெயர்கள் இருப்பதால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. இணையாமல் சும்மா கிடக்கும் பெயர் பேட்டரியைத் தின்னாது. நீக்க வேண்டிய காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள, ‘இணைத்தல்’ என்றால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஹெட்போனை முதன்முறை ஃபோனோடு சேர்க்கும்போது இரண்டும் பேசி ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. 128 பிட் நீளமுள்ள இந்த எண்ணை இணைப்புச் சாவி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் ஒரு பிரதி ஃபோனில் இருக்கும், மற்றொன்று ஹெட்போனில் இருக்கும். ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள் இதற்கென்றே ஒரு சிறிய உரைக் கோப்பு உண்டு. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் அதில் ஒரு பத்தி: முதலில் 12 எழுத்து–எண்கள் கொண்ட முகவரி, பிறகு பெயர், பிறகு சாவி. மறுநாள் ஹெட்போனை ஆன் செய்தவுடன் கேள்வி எதுவும் கேட்காமல் அது இணைகிறதே, இரு பக்கமும் ஒரே சாவி இருப்பதுதான் காரணம்.

நீங்கள் ‘ஃபர்கெட்’ அல்லது ‘அன்பேர்’ என்பதைத் தொட்டால் அந்தப் பத்தி அழிகிறது. ‘டிஸ்கனெக்ட்’ தொட்டால் பேச்சு மட்டும் நிற்கும். சாவி அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘நீக்கினேன், திரும்ப வந்துவிட்டது’ என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: அழிவது ஃபோனில் இருக்கும் பிரதி மட்டுமே. எதிர்ப்பக்கத்துச் சாவி அங்கேயே இருக்கிறது. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பழைய ஹெட்போனைத் தம்பிக்குக் கொடுத்தபின் அவருடைய ஃபோனில் அது தெரியவே மாட்டேன் என்கிறது என்றால், அது இன்னும் உங்கள் ஃபோனையே தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாறாக, ஹெட்போனை மட்டும் ரீசெட் செய்து ஃபோனில் பழைய பெயரை விட்டுவைத்தால் சாவிகள் பொருந்தாமல், இணைக்க முடியவில்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இரு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக இணைப்பது.

நீக்கும் வழி எளிது. திரையை மேலிருந்து கீழே இழுத்துப் புளூடூத் குறியை அழுத்திப் பிடியுங்கள், பட்டியல் வந்துவிடும். சாம்சங் ஃபோனில் செட்டிங்ஸுக்குள் ‘கனெக்‌ஷன்ஸ்’, அதற்குள் புளூடூத். கூகுள் பிக்சல் போன்றவற்றில் ‘கனெக்டட் டிவைசஸ்’ சென்று ‘சீ ஆல்’ தொட்டால்தான் முழுப் பட்டியலும் விரியும். முதலில் தெரியும் இரண்டு மூன்று பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். பெயருக்கு அருகே பற்சக்கரமோ அம்புக்குறியோ இருக்கும். அதைத் தொட்டு ‘ஃபர்கெட்’ அல்லது ‘அன்பேர்’ கொடுங்கள். ஐபோனில் நீல வட்டத்துக்குள் இருக்கும் ‘ஐ’ எழுத்தைத் தொட்டு ‘ஃபர்கெட் திஸ் டிவைஸ்’. நீக்கும்போது புளூடூத் ஆன் நிலையில் இருக்கட்டும். அணைத்து வைத்திருந்தால் பல ஃபோன்களில் பட்டியலே வராது.

எல்லாவற்றையும் ஒரே அடியில் துடைக்கும் வழியும் ஆண்ட்ராய்டில் உண்டு. ரீசெட் பகுதியில் வைஃபை, புளூடூத் இரண்டையும் சேர்த்து அழிக்கும் வசதி அது. உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்பாவின் கருவியும் வீட்டு வைஃபை கடவுச்சொல்லும் சேர்ந்தே போய்விடும்.

யாருடையவை என்று தெரியாத அந்த மூன்று பெயர்களை ஊகித்து நீக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருக்கும் புளூடூத் பொருட்கள் எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வையுங்கள். எல்லாம் அணைந்திருக்கட்டும். பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். எந்தப் பெயருக்குக் கீழே ‘கனெக்டட்’ என்று எழுத்து மாறுகிறதோ, அதுதான் கையில் இருக்கும் பொருள். உடனே அதற்குப் புரியும் பெயர் கொடுத்துவிட்டு அணையுங்கள். மலிவு விலை இயர்பட்ஸ் பலவற்றுக்கு நிறுவனம் கொடுக்கும் பெயர் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். நீங்களே வாங்கிய பொருள் அந்நியன்போலத் தெரிவது அதனால்தான். கடைசிவரை எதுவும் உரிமை கோராத பெயர்களை, கார்போல வெளியே இருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, தயங்காமல் நீக்கலாம்.

பெயருக்கு இடப்பக்கம் இருக்கும் சிறு படத்தையும் பாருங்கள். ஹெட்போன், ஃபோன், லேப்டாப், கீபோர்டு என்று வகைக்கு ஒரு படம் உண்டு. உங்களிடம் கீபோர்டே இல்லாதபோது கீபோர்டு படத்தோடு ஒரு பெயர் இருந்தால், இந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். அதை இப்போதே நீக்குங்கள். ஸ்பீக்கர் பாட்டை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கீபோர்டாக இணைந்த சாதனம் ஃபோனுக்குள் தட்டச்சு செய்யும்.

நீக்கியும் திரும்ப வரும் பெயர் திரையின் எந்தப் பகுதியில் வருகிறது? ‘அவைலபிள் டிவைசஸ்’ என்ற தலைப்பின் கீழ் என்றால் அது உங்கள் பட்டியலே அல்ல. பக்கத்து வீட்டு டிவி, எதிர்வீட்டு சவுண்ட்பார் என்று அருகில் இருப்பவை எல்லாம் அங்கே வந்துபோகும். அவற்றை நீக்க முடியாது, நீக்கத் தேவையும் இல்லை. இணைக்கச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள், அது போதும்.

இணைந்தவற்றின் பட்டியலுக்குள்ளேயே திரும்ப வருகிறது என்றால் பெரும்பாலும் அதைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு செயலிதான். ஸ்மார்ட் வாட்ச்சுக்கு நிறுவனத்தின் செயலி ஒன்று இருக்கும். வாட்ச்சை உடைத்துத் தூக்கிப் போட்டாலும் செயலி ஃபோனில் தங்கியிருக்கும். முதலில் செயலிக்குள் சென்று வாட்ச்சை அகற்றுங்கள், பிறகு புளூடூத் பட்டியலில் நீக்குங்கள், கடைசியாகச் செயலியை அழியுங்கள். இந்த வரிசை முக்கியம். அடுத்து, இயர்பட்ஸின் மூடியைத் திறந்ததும் ஃபோனில் படத்தோடு செய்தி வருமே, அந்த வகைப் பொருட்கள் உங்கள் கூகுள் கணக்கிலும் பதிவாகியிருக்கலாம். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘சேவ்ட் டிவைசஸ்’ என்று தேடி, கணக்கில் சேமித்த பட்டியலிலும் அழியுங்கள். சில ஹெட்போன்கள் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் காட்டும். இரண்டாவது பெயருக்கு முன்னால் ‘எல்இ’ என்று இருக்கும். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் வகையைக் குறிக்கும் எழுத்துகள் அவை. ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றொன்று மிச்சமிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பயத்தில் அது இருக்கிறது. 2020-இல் ‘பயஸ்’ என்ற பெயரில் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு குறைபாடு இந்தப் பழைய பெயர்களோடு நேரடியாகத் தொடர்புடையது. அருகில் இருக்கும் ஒருவர், உங்கள் ஃபோன் முன்பு இணைந்திருந்த சாதனம்போலவே வேடமிட்டு, சாவியே இல்லாமல் நுழையலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கான திருத்தங்கள் ஃபோன்களுக்கு வந்தன. அப்டேட் வரும்போது தள்ளிப்போடாதீர்கள். நீக்கிவிட்ட பெயரில் யாரும் வேடமிட்டு வர முடியாது என்பதால், பயன்படாத பெயரை விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆண்ட்ராய்டில் இன்னொரு இடத்தையும் அவசியம் பாருங்கள். ஃபோன் பூட்டு பற்றிய பகுதியில் ‘ஸ்மார்ட் லாக்’ என்று முன்பு இருந்தது, இப்போது ‘எக்ஸ்டெண்ட் அன்லாக்’ என்று இருக்கும். அதற்குள் ‘டிரஸ்டட் டிவைசஸ்’. அங்கே ஒரு ஸ்பீக்கரையோ காரையோ என்றோ சேர்த்திருந்தால், அது இணைந்திருக்கும்போது உங்கள் ஃபோன் பூட்டப்படாமலேயே இருக்கலாம். அக்கா வீட்டு ஸ்பீக்கர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாகக் கார். உங்கள் 17 பெயர்களில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். காரில் முதன்முறை இணைக்கும்போது, தொடர்புகளையும் அழைப்பு விவரங்களையும் அனுமதிக்கலாமா என்று ஃபோன் கேட்கும். பாட்டு கேட்கும் அவசரத்தில் எல்லாரும் சம்மதம் கொடுத்துவிடுகிறோம். அந்த நொடியில் நம் ஃபோனில் இருக்கும் பெயர்களும் எண்களும் காரின் திரைக்கு நகலாகப் போகின்றன. பழைய கார் வாங்கிய நண்பர் ஒருவரோடு அந்த வண்டியில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தேன். முன்னாள் உரிமையாளரின் பெயரில் ஒரு ஃபோன், ‘அம்மா ஃபோன்’ என்று ஒன்று, ஒரு பெண்ணின் பெயரில் ஒன்று. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் முழுவதும் அந்தத் திரையில் இருந்தது. மூன்றையும் அப்போதே அழித்தோம்.

வாடகைக் கார், கால் டாக்ஸி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இணைத்தே ஆக வேண்டும் என்றால் தொடர்புகளுக்கான அனுமதியை மறுத்துவிட்டுப் பாட்டுக்கு மட்டும் இணையுங்கள். இறங்கும் முன் காரின் திரையில் உங்கள் ஃபோன் பெயரை அழியுங்கள். இப்போது இருசக்கர வண்டிகளிலும் இந்த வசதி வந்துவிட்டது. 2018-இல் வந்த டிவிஎஸ் என்டார்க் ஸ்கூட்டரே யார் அழைக்கிறார் என்பதை மீட்டரில் காட்டியது. வண்டியை விற்கும்போது ஆர்.சி. புத்தகத்தோடு இதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் விற்ற காரின் பெயரை உங்கள் ஃபோனில் நீக்கினால், இனி அது உங்கள் ஃபோனோடு இணையாது. ஆனால் ஏற்கெனவே போன நகல் காருக்குள் இருக்கக்கூடும். வாங்கியவரின் எண் உங்களிடம் இருக்கும். அவரை அழைத்து, காரின் செட்டிங்ஸில் புளூடூத் அல்லது ஃபோன் பட்டியலைத் திறந்து உங்கள் ஃபோன் பெயரை அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபோன் காருக்கு அருகில் இருக்க வேண்டிய அவசியமில்லை. நீங்கள் தேனியிலிருந்தே பேசலாம். அவருக்கும் இரண்டு நிமிட வேலைதான்.