"விடுமுறைக் காதல் கதைகளும் காமக் கதைகளும் எழுதுகிறீர்களே, அந்தப் பக்கம் எப்படி வந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கூடவே "வீட்டில் தெரியுமா?" என்றும். தெரியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் இலக்கியம் படித்துவிட்டு எழுத வந்தவள் இல்லை. பி.காம். மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற சந்துகளில் ஒன்றில், ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் புக்கிங் பார்த்தேன். போனை எடுப்பது, ரேட் சொல்வது, டிரைவருக்கு டிரிப் ஷீட் எழுதிக் கொடுப்பது, வண்டி திரும்பியதும் கிலோமீட்டர் பார்த்துக் கணக்கை முடிப்பது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை. ஏப்ரல், மே என்றால் கோடைக்கானல். நடுவில் முகூர்த்த மாதங்களில் தேனிலவு.

தேனிலவுக்குப் புதுமாப்பிள்ளை போன் பண்ண மாட்டார், அவருடைய சித்தப்பா பண்ணுவார். "பொண்ணு மாப்பிள்ளை போறாங்கம்மா, கூட நாங்க ஒரு எட்டுப் பேரு. டெம்போ டிராவலரா போட்டுருங்க." ரூம் எத்தனை என்று கேட்டால் பின்னால் ஒரு சின்ன மாநாடு நடக்கும். "ரெண்டு போதும்மா. ஆம்பளைங்க ஒண்ணுல, பொம்பளைங்க ஒண்ணுல." சிரிக்காமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

தனியாகப் போகிற ஜோடிகளும் உண்டு. அவர்களைப் பற்றிச் சொன்னவர் எங்கள் டிரைவர் அண்ணன். வத்தலக்குண்டு வரைக்கும் ரெண்டு பேரும் பேச மாட்டார்களாம். பெண் ஒரு ஜன்னல், மாப்பிள்ளை ஒரு ஜன்னல், நடு சீட்டில் சொந்தக்காரர்கள் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம். "மலை ஏறி நாலு வளைவு போனதும் அந்தப் பிள்ளைக்குக் குமட்டும். ஓரமா நிப்பாட்டச் சொல்லும். அவரும் இறங்குவாரு. எங்க பிடிக்கிறதுன்னு தெரியாம முழிப்பாரு. அப்புறம் பைய முதுகைத் தடவிக் குடுப்பாரு, தலையில இருக்கிற பூ விழாம இன்னொரு கையில பிடிச்சுக்குவாரு. நான் எலுமிச்சம்பழத்தைக் குடுத்துட்டு அங்கிட்டுப் போய் டயரைத் தட்டிப் பாத்துக்கிட்டு நிப்பேன். திரும்ப வண்டியில ஏறுனா நடுவுல பொட்டலம் இருக்காது தாயி."

இதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. வீணாய்ப்போன டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

அந்தப் பொட்டலம் எனக்கும் பழக்கம். செல்லூரில் நான் வாக்கப்பட்டு வந்த வீட்டில் ஒரு ஹால், ஒரு அடுப்படி, ஒரு அறை. அறை எங்களுக்கு. ஆனால் குடும்பத்தின் ஒரே பீரோவும் அந்த அறையில்தான். ராத்திரி பத்தரைக்குக் கொழுந்தனாருக்கு மறுநாள் இன்டர்வியூவுக்கு வேண்டிய சர்டிபிகேட் ஞாபகம் வரும். விடியக்காலையில் மாமியாருக்கு நகைச் சீட்டு அட்டை வேண்டும். நல்ல மனுஷர்கள், கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். தமிழ்க் காதல் கதைகளில் வில்லன் யார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் பீரோ என்பேன்.

அதனால் என் விடுமுறைக் கதைகளில் போட்டிங், பைன் மரம், பனிமூட்டம் எல்லாம் கொஞ்சம்தான். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை வேண்டும். அதில் யாருடைய பீரோவும் இருக்கக் கூடாது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷமான ஒரு ஜோடியை அங்கே கொண்டுபோய் விட்டால், முதல் ஒரு மணி நேரம் என்ன பேசுவதென்றே அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு போன் போடுவார்கள், கேஸை மூடினோமா என்று கேட்டுக்கொள்வார்கள். எனக்குக் கதை அங்கேதான் இருக்கிறது.

முதல் கதையை மாத நாவல் போடுகிற ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஆசிரியர் போனில் மரியாதையாகவே பேசினார். "நல்லாருக்கும்மா. ஆனா நாயகி மூணாவது பக்கத்துல வாந்தி எடுக்கிறா. நம்ம வாசகிங்க மாசமா இருக்கான்னு நினைச்சுக்குவாங்க. அதைத் தூக்கிட்டு மழையில நனையிற மாதிரி வைங்க." நான் வைக்கவில்லை. வாந்தியோடேயே அந்தக் கதை, யாரும் கதை எழுதிப் போடலாம் என்கிற பிரதிலிபி ஆப்பில் தொடராக வந்தது. கீழே வந்த கருத்துகளில் பாதி, அவரவர் எந்த வளைவில் வாந்தி எடுத்தார்கள் என்பதுதான்.

அடுத்து எழுதியது திருவிழாக் கதைகள். நமக்கு விடுமுறை என்றாலே பாதி திருவிழாதானே. ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று காரணம் சொல்வார்கள். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே மாட்டுக்குப் பின்னால் போய்விடும், வீடுகள் காலியாக இருக்கும். (இதை வைத்து எழுதியதற்கு ஒரு காளை வளர்ப்பவர் என்னோடு சண்டைக்கு வந்தார். அவருடைய குறை, காளையின் திமிலைப் பற்றி நான் போதுமான அளவு எழுதவில்லை என்பது.)

இதில் எனக்குப் பிடித்தது தலைத்தீபாவளி. மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு ராஜ உபசாரம் நடக்கும், தனியாகப் பொண்டாட்டியோடு இரண்டு வார்த்தை பேச மட்டும் வழி இருக்காது. என் கதையில் விடியக்காலை நாலு மணி. பின்கட்டில் தகரக் கதவு போட்ட குளியலறை. மாமியார் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். மாப்பிள்ளை தலை நிறையச் சீயக்காயோடு நிற்கிறான், கண்ணில் பட்டுவிட்டது, திறக்க முடியவில்லை. வெளியே மச்சினன்மார் வரிசையில் நின்று "மச்சான், தண்ணி ஆறுது!" என்று கத்துகிறார்கள். யாரோ வெந்நீர் வாளியோடு உள்ளே வருகிறார்கள். வளையல் சத்தம் கேட்கிறது. அது யாருடைய வளையல் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, கேட்கவும் பயம். அவள் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து நிதானமாக அவன் நெற்றியில் விட்டு, உள்ளங்கையால் கண்ணைத் துடைக்கிறாள். மாமியார் இவ்வளவு நிதானமாக விட மாட்டார் என்று அவனுக்குப் புரிகிறது. தொடுதல் அவ்வளவுதான், ஒரு உள்ளங்கை, ஒரு கண். இதைப் படித்த பெண்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதினார்கள்.

அதுவரை நானும் எல்லாரையும் போலக் கதவு சாத்தியதும் அத்தியாயத்தை முடித்துவிடுவேன். உசிலம்பட்டிப் பக்கத்து வாசகி ஒருவர், பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டவர், இன்பாக்ஸில் கேட்டார்: "ஏன் தாயி, இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்துட்டு எங்களை வெளியில நிக்க வச்சுக் கதவைச் சாத்துறியே, இது நல்லாவா இருக்கு?" அவர் கேட்டது நியாயம். காமக் கதைக்கு நான் வந்தது அப்படி.

யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்பதுதான் சிக்கல். சரோஜாதேவி என்ற பெயரில் பெட்டிக்கடைகளில் மறைத்து விற்ற புத்தகங்கள் ஒரு தலைமுறையையே படிக்க வைத்தன என்பார்கள். எடுத்துப் பார்த்தேன். அதில் வருகிற பெண்ணுக்குத் தலைவலி கிடையாது, பக்கத்து வீடு கிடையாது, மறுநாள் காலையும் கிடையாது. ஆம்பளை எழுதி ஆம்பளை படிக்கிற கணக்கு அது.

பழசுக்குப் போனேன். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எனக்கு ரொம்ப உதவி. ஏ.சி.யில் உட்கார்ந்து பரிபாடல் படிக்கலாம், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். 70 பாட்டில் நமக்குக் கிடைத்தவை 22, அதில் 8 வையையை, அதாவது நம்ம வைகையைப் பற்றி. புதுவெள்ளம் வந்தால் மதுரையே கரைக்குப் போகிறது, தண்ணீரில் விளையாடுகிறது, ஊடுகிறது, கூடுகிறது. ஒரு பாட்டில் தலைவியிடமிருந்து காணாமல் போன நகை பரத்தையின் மேல் இருப்பதை ஆற்றங்கரையிலேயே கையும் களவுமாகப் பார்த்துவிடுகிறார்கள். இன்றைக்கு டிவி சீரியலில் ஒரு வாரத்துக்கு இழுப்பார்கள். திருக்குறளில் காமத்துப்பால் 250 குறள். ஆண்டாளோ, நாச்சியார் திருமொழியில் நம்ம மாலிருஞ்சோலை அழகருக்கே நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொண்டு, தன் உடம்பின் ஏக்கத்தை ஒளிவுமறைவு இல்லாமல் பாடுகிறாள். அவள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, அதை அணிந்துகொண்டுதான் சித்திரையில் அழகர் வைகையில் இறங்குகிறார். குறிஞ்சி என்றால் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்ய வைத்து மார்க்கும் போட்டவர்கள், கோடைக்கானலில் ஒரு லாட்ஜ் அறையை வைத்து அதையே எழுதினால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

எனக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. கதையில் எல்லாருக்கும் வயது எழுதிவிடுவேன், பெரும்பாலும் முப்பதுக்கு மேல். வேண்டாம் என்றால் வேண்டாம், தாலி கட்டியிருந்தாலும் வேண்டாம்தான். ஒரு தீபாவளிக் கதையில் நாயகி நாள் பூரா முறுக்குப் பிழிந்துவிட்டு "இன்னிக்கு முடியாதுங்க" என்று சொல்லிப் படுத்துவிடுகிறாள். அவன் போர்வையை இழுத்து மூடிவிட்டு, எண்ணெய்ச் சட்டியைக் கழுவப் போகிறான். காமக் கதை என்று போட்டு, ஒன்றுமே நடக்காத அந்த அத்தியாயத்துக்குத்தான் அதிகம் பேர் எழுதினார்கள். மல்லிகைப்பூவை முதல் பக்கத்தில் வைக்க மாட்டேன். மதுரைக்காரிக்கு மல்லி என்றதும் மாட்டுத்தாவணியில் இன்றைக்குக் கிலோ என்ன விலை என்றுதான் ஓடும்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டுக் காதல் வருவதாக எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தல்லாகுளத்தில் எதிர்சேவை, அதாவது மதுரைக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்பது, பார்க்க நின்ற எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், கூட்டத்தில் வருகிற கை எப்படிப்பட்டதென்று சொல்வாள். என் கதையில் அந்தக் கையை அவள் சேப்டி பின்னால் குத்துகிறாள். காதல் வேறு இடத்தில், நீர்மோர்ப் பந்தலில், டம்ளர் கழுவுகிற இருவருக்கு நடுவில் நடக்கிறது.

இன்னொன்று, கோயிலையும் படுக்கையையும் ஒரே அத்தியாயத்தில் வைப்பதில்லை. பயம்தான், மறைக்கவில்லை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவும் பிள்ளையில்லாத தம்பதியும் வருகிற மாதொருபாகன் நாவலுக்கு வந்த எதிர்ப்பில் பெருமாள்முருகன் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, எழுதுங்கள் என்றே சொல்லித் தீர்ப்பை முடித்தது. பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவைக்கலாம் என்பதும் அதன் சாரம். ஆனால் அவர் பெருமாள்முருகன். நான் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் மின்புத்தகத்தில் தமிழ் வந்தது, என்னைப் போன்றவர்களுக்கு அதன்பிறகுதான் கையில் காசு. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் மின்புத்தகத்தை அமேசானுக்கு மட்டுமே என்று செலக்ட் திட்டத்தில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் 35. ஒரு மாத விற்பனைக்கான பணம் ஏறக்குறைய அறுபது நாள் கழித்து வரும். ஏற்றும்போது வாசிக்கிறவர்களின் வயதைக் குறிக்கிற இடத்தில் ஒழுங்காக 18-க்கு மேல் என்று போடுங்கள். அட்டையில் அடக்கம் இருக்கட்டும். நம் வாசகி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படிக்கிறாள், பக்கத்து சீட்டில் அத்தாச்சி இருப்பாள். தீபாவளிக் கதையைத் தீபாவளியன்று ஏற்றாதீர்கள், அன்றைக்கு அவள் பலகாரம் சுட்டுக்கொண்டிருப்பாள். புரட்டாசி முடிவதற்குள் வந்துவிட வேண்டும். திருட்டு பி.டி.எஃப். எப்படியும் வரும். என் கதையை என் கொழுந்தன் பொண்டாட்டியே அப்படித்தான் படித்தாள், படித்துவிட்டு எனக்கே அனுப்பினாள், நல்லாருக்குக்கா என்று.

வீட்டுக்கு வருகிறேன். புனைபெயரில்தான் எழுதுகிறேன், ஆனால் வீட்டுக்காரருக்கு முதலிலிருந்தே தெரியும். ஒரே ஒருமுறை முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "ஏம்மா, எண்ணெய்ச் சட்டி கழுவுறானே, இவன் யாரு?" என்றார். கற்பனை என்றேன். நம்பவில்லை, ஆனால் அந்த வாரம் இரண்டு நாள் சட்டி கழுவினார். மாமியாருக்கு நான் கதை எழுதுகிறேன் என்றுதான் தெரியும். "குடும்பக் கதையா?" என்றார். ஆமாம் அத்தை என்றேன், பொய்யில்லையே. மகளுக்குத் தெரியும், காலேஜ் போகிற பெண், எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானேதான் சொல்லிவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கும் துணிச்சல் பத்தாது.

டிராவல்ஸ் வேலையை விட்டாயிற்று. டிரைவர் அண்ணன் இப்போது சொந்த வண்டி ஓட்டுகிறார், சந்தேகம் என்றால் அவருக்குத்தான் போன். 2024 மே 7-லிருந்து கோடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு வந்ததும் என் கதைகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. முன்போல வீட்டில் சொல்லாமல் ஜோடி திடீரென்று மலை ஏறிவிட முடியாது. வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்கல் என்று வத்தலக்குண்டு டீக்கடையில் நின்று போனில் நிரப்ப வேண்டும். அதுவும் ஒரு காட்சியாகிவிட்டது, எத்தனை பேர் என்ற இடத்தில் அவன் 2 என்று போடுவதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கிறாள்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஆடிக் கதை. பெண் மேலூரில் அம்மா வீட்டில், மாப்பிள்ளை திருமங்கலத்தில், நடுவில் வாட்ஸ்அப்பும் ஒரு பொல்லாத பாட்டியும். பாட்டிக்கு நல்ல பேச்சு அமைந்துவிட்டது, காதலர்கள்தான் இன்னும் சரியாக வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். பதினெட்டாம் பெருக்குக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.