அப்பா அம்மாவோடு ஒரே நாளில் கிராண்ட் கேன்யன்: எதை விடுவது, எதைப் பார்ப்பது?

கேள்வி: அரிசோனாவின் சான்ட்லரில் ஐந்து வருடமாக இருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து அப்பாவும் (68) அம்மாவும் (63) மே மாதம் வந்தார்கள், அக்டோபர் கடைசியில் திரும்புகிறார்கள். ஜூலை இரண்டாவது வாரம் எனக்கு ஒரு நாள் லீவு கிடைக்கும். விடியற்காலை கிளம்பி கிராண்ட் கேன்யன், பேஜ் ஊரில் ஹார்ஸ்ஷூ பெண்ட், ஆன்டிலோப் கேன்யன், கடைசியாக மான்யுமென்ட் வேலி பார்த்துவிட்டு நடுராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மனைவியும் வண்டி ஓட்டுவாள். இன்டர்நேஷனல் பர்மிட் இருப்பதால் அப்பாவும் ஓட்டுகிறேன் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை. பையனுக்கு 9 வயது. இது சரிவருமா? – ஒரு வாசகர்

பதில்:

சரிவராது, தம்பி. நீங்கள் சொன்ன நான்கு இடத்தையும் சுற்றி வந்தால் ஏறத்தாழ 850 மைல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய் அன்றைக்கே திரும்புகிற தூரம். எங்கேயும் நிற்காமல் ஓட்டினாலே 15 மணி நேரம் ஆகிவிடும். அதற்குமேல் பார்க்க, சாப்பிட, அம்மா ரெஸ்ட் ரூம் போய்வர எங்கே நேரம்?

இந்தத் தப்பை நானே செய்தவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் மாமனார், மாமியாரை அழைத்துக்கொண்டு இதே மாதிரி ஒரு திட்டத்தோடு ஃபீனிக்ஸிலிருந்து கிளம்பினோம். மான்யுமென்ட் வேலி போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அந்தச் செம்மண் பாறைகளை மாமியார் பார்த்தது வானத்தில் நிழலாகத்தான். திரும்பும் வழியில் கயென்டா என்கிற ஊரைத் தாண்டியதும், ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டின் நடுவே மூன்று குதிரைகள். அங்கே மாடும் குதிரையும் திறந்த வெளியில்தான் மேயும். கணவர் பிரேக் போட்டு வண்டி நின்றபோது முதல் குதிரையின் மூச்சு பானெட் மேல் புகையாகப் படிந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன், மாமியார் என் மகனை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. அந்தப் பகுதி நவாஹோ நாடு, அதாவது நவாஹோ பழங்குடி மக்கள் தாங்களே ஆளும் நிலம். அதற்குப் பிறகு அந்தச் சாலைகளில் இருட்டில் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

அதனால் இந்த ஒரு நாளில் கிராண்ட் கேன்யன் மட்டும் போங்கள். அதுவே போகவர 500 மைலுக்கு மேல், ஒன்பது மணி நேர ஓட்டம். இதுவும் சின்னப் பயணம் இல்லை. ஆனால் வழியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே நாளில் பாலைவனம், பைன் காடு, நவாஹோ நாடு, பள்ளத்தாக்கு எல்லாமே வந்துவிடும்.

குறுகலான பாறைப் பிளவுக்குள் நடந்து பார்க்கிற ஆன்டிலோப் கேன்யனை ஜூலையில் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் காலம். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் தலைக்கு மேல் அல்ல, பல மைல் தள்ளி. பாறை மண்ணில் தண்ணீர் இறங்காது. எங்கோ பெய்த மழை குறுகலான பிளவுக்குள் சுவர்போலப் பாய்ந்து வரும். இப்போது நவாஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை, வானிலையையும் கவனிக்கிறார்கள், மழை அபாயம் என்றால் டூரை நிறுத்திவிடுவார்கள். அது நல்லதுதான். ஆனால் அதை நம்பி ஐந்து மணி நேரம் ஓட்டிப் போகிற குடும்பத்துக்கு அன்றைய நாளே போய்விடும். தவிர, கீழ்ப் பிளவில் செங்குத்தான இரும்புப் படிகள் இருக்கின்றன. அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது.

இனி வழி. எல்லோரும் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து நேராகத் தெற்கு வாசலுக்குப் போவார்கள். கோடையில் அங்கே காலை பத்து மணிக்கு மேல் கார் வரிசை நீண்டு நிற்கும். நீங்கள் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து 89-ஆம் எண் சாலையில் வடக்கே கேமரன் போய், அங்கிருந்து 64-இல் மேற்கே திரும்பி, டெஸர்ட் வியூ என்கிற கிழக்கு வாசல் வழியாக உள்ளே நுழையுங்கள். தூரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் கூட்டம் குறைவு. பள்ளத்தாக்கைக் கிழக்கிலிருந்து மேற்காக நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே வரலாம். பார்த்து முடிக்கும்போது வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே இருப்பீர்கள்.

காலை 4 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். பிளாக் கேன்யன் சிட்டி வரும்போது பொழுது புலரும். அங்கே அம்மாவை எழுப்பி ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். மலைச்சரிவு முழுக்கக் கை தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளிகள். சொனோரா பாலைவனத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. அடுத்த கொஞ்ச தூரத்தில் ரோடு நெட்டுக்குத்தாக ஏறும். மேலே சமவெளிக்கு வந்ததும் ஒரு கள்ளிகூட இருக்காது, வெறும் புல்வெளி. ஃபிளாக்ஸ்டாஃப் வந்தால் பைன் காடு. ஏற்றத்தில் இன்ஜின் சூடாகாமல் இருக்க ஏ.சி.யை நிறுத்துங்கள் என்று போர்டு இருக்கும். பழைய வண்டியென்றால் அதைக் கேளுங்கள்.

ஃபிளாக்ஸ்டாஃபில் டிபன், டேங்க் நிறையப் பெட்ரோல். இங்கே மனைவி ஸ்டியரிங் எடுத்துக்கொள்ளட்டும். கேமரனுக்கு 50 மைல், எட்டரை மணிக்குள் போய்விடலாம். அங்கேதான் உங்கள் போன் ஒரு மணி நேரம் முன்னால் தாவும். பயப்பட வேண்டாம். அரிசோனா 1968 முதல் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவாஹோ நாடு மட்டும் மாற்றுகிறது. உள்ளே நுழைந்தால் ஒரு மணி கூடும், வெளியே வந்தால் குறையும். முந்தின இரவே போனில் ஃபீனிக்ஸ் நேரத்தை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அப்பாவின் மாத்திரை நேரத்துக்கு அவர் கைக்கடிகாரத்தை நம்புவது உத்தமம். மேப்பையும் முன்னாலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், கேமரன் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

நவாஹோ மக்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் நிலம் 27,000 சதுர மைல், இலங்கையைவிடப் பெரியது. கேமரனில் 1916-இல் தொடங்கிய வணிக நிலையம் ஒன்று இன்னும் நடக்கிறது. அங்கே ஃபிரை பிரெட் கிடைக்கும், பார்த்தால் நம் பூரியைத் தட்டு அளவுக்குப் பெரிதாகச் சுட்ட மாதிரி இருக்கும். 1864-இல் அமெரிக்க ராணுவம் இவர்களைச் சொந்த மண்ணிலிருந்து நடக்கவைத்து நியூ மெக்ஸிகோவில் அடைத்தபோது ரேஷனில் கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்துச் செய்யப் பழகிய உணவு அது. 1868-இல்தான் ஊர் திரும்ப விட்டார்கள். பையனுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். சைவமென்றால் எதில் பொரிக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள், பன்றிக் கொழுப்பிலும் பொரிப்பது வழக்கம். ரோட்டோரம் வெள்ளி, நீலக்கல் நகை விற்பவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.

ஒன்பதரைக்கு டெஸர்ட் வியூ. இந்த நாளின் முக்கியமான நேரம் இதுதான், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கொலராடோ ஆறு வளைந்து போவது இங்கிருந்து தெளிவாகத் தெரியும். நடுவில் இருக்கும் பல இடங்களில் ஆறு கண்ணிலேயே படாது. 1932-இல் மேரி கோல்ட்டர் கட்டிய 70 அடிக் கல் கோபுரம் விளிம்பில் நிற்கிறது. அம்மா மேலே ஏற வேண்டாம், கீழே உட்கார்ந்து பார்த்தாலே போதும். பையனும் அப்பாவும் ஏறி, ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃப்ரெட் கபோட்டி சுவரில் வரைந்ததைப் பார்த்துவிட்டு வரட்டும். அந்த இடம் ஊட்டி உயரம், 7,400 அடி. சான்ட்லர் வெறும் 1,200 அடி. அதனால் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும், அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஸ்வெட்டரா என்று அம்மா சிரிப்பார், எடுத்து வையுங்கள்.

அங்கிருந்து விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமப் பகுதிக்கு 25 மைல். வழியில் இரண்டு மூன்று இடத்தில் நில்லுங்கள், எல்லாவற்றிலும் நிற்க வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் இடி மின்னல் கூடும். விளிம்பில் நிற்கும்போது இடிச் சத்தம் கேட்டாலே எல்லோரும் காருக்குள் வந்துவிடுங்கள். யவபாய் முனையில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. வெயிலோ மழையோ, அம்மா உட்கார்ந்து ஒரு மைல் ஆழத்தைப் பார்க்கலாம். உள்ளே சுற்ற இலவச பஸ் உண்டு. பையனுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், நிரப்பிக் காட்டினால் பேட்ஜ் தருவார்கள். பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதையில் மட்டும் யாரும் கொஞ்ச தூரம் என்று போக வேண்டாம். இறங்க இறங்கச் சூடு கூடும், ஏறி வருவது வெயில் உச்சியில் இருக்கும்.

கட்டணம் காருக்கு 35 டாலர், கார்டில்தான் வாங்குவார்கள். 2026 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் 16 வயது நிரம்பியவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் என்று வைத்திருக்கிறார்கள். பாஸ் இல்லாவிட்டால் அப்பா, அம்மா இருவருக்கும் அது வரும். எந்தப் பாஸ் வாங்கினால் உங்கள் காருக்குக் குறைவாகும் என்று பூங்காவின் தளத்தில் பார்த்துவிட்டே போங்கள். வாசலில் போய்த் தெரிந்தால், அப்பா ‘நாங்கள் வெளியிலேயே நிற்கிறோம், நீங்கள் போய்ட்டு வாங்க’ என்று சொல்லிவிடுவார்.

நாலு மணிக்குக் கிளம்பி 180 வழியாக ஃபிளாக்ஸ்டாஃப், ஐந்தரைக்குச் சாப்பாடு, ஆறே காலுக்கு மறுபடி ஃப்ரீவே. எல்க் மான்கள் மாலை மங்கும்போதுதான் ரோட்டுக்கு வரும், அதற்குள் பைன் காட்டைத் தாண்டிவிடுவீர்கள். சன்செட் பாயின்ட் ரெஸ்ட் ஏரியாவில் கால் மணி நேரம் நின்று ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். இருட்டில் ஓட்ட வேண்டியது கடைசி ஒன்றரை மணி நேரம், அதுவும் ஃப்ரீவேயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம். ஊருக்குத் திரும்புகிற ஃபீனிக்ஸ் முழுக்க மாலையில் அந்த ரோட்டில்தான் நிற்கும். கிளம்புமுன் 511 எண்ணில் சாலை நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா ஓட்ட வேண்டாம். பர்மிட் இருப்பது வேறு விஷயம். வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் ஓட்டியவர், களைப்பில் ஒரு திருப்பத்தில் பழைய பக்கத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது? ‘நீங்க வழி பாத்துச் சொல்லுங்கப்பா’ என்று முன்சீட்டில் உட்காரவையுங்கள். மனம் கோணாது.

தண்ணீர் தலைக்கு நாலு லிட்டர், டிக்கியில் அல்ல, கைக்கு எட்டும் இடத்தில். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சில. சிறுநீர் கூடுதலாகப் போகவைக்கும் பிரஷர் மாத்திரை என்றால் வெயில் நாளில் எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ‘ரெஸ்ட் ரூம் இல்லாத இடமாச்சே’ என்று அம்மா தண்ணீர் குடிக்காமலே இருப்பார், நம் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்போம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள், நில்லுங்கள். காற்றும் பேட்டரியும் முந்தின நாளே பாருங்கள். அரிசோனா வெயிலில் பேட்டரி மூன்று வருடம் தாங்கினாலே அதிகம்.

ஃபீனிக்ஸை நெருங்கும்போது புழுதிப்புயல் வந்தால் ரோட்டை விட்டு முழுவதுமாக வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து உங்களைப் பின்தொடர்ந்து வந்து மோதுவார். தண்ணீர் ஓடும் ரோட்டில் தடுப்பு வைத்திருந்தால் இறங்காதீர்கள். மீட்கிற செலவை ஓட்டியவரிடமே வாங்க 1995-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

பேஜும் மான்யுமென்ட் வேலியும் அக்டோபர் முதல் பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மான்சூன் முடிந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். முதல் நாள் மேல் ஆன்டிலோப். பிளவுக்குள் சமதரைதான், ஆனால் வெளியே வந்து திரும்பும் வழியில் படிகள் இருக்கின்றன, அம்மாவுக்கு ஆகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு இப்போதே முன்பதிவு செய்யுங்கள். ஹார்ஸ்ஷூ பெண்டுக்குப் போகவர ஒன்றரை மைல் நடை, நிழல் குறைவு, அதனால் காலையிலேயே. இரவு கயென்டாவில் தங்கி மறுநாள் விடியும்போது மான்யுமென்ட் வேலி. அங்கே 17 மைல் மண் சாலை இருக்கிறது, உங்கள் வண்டியை இறக்காமல் நவாஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போங்கள். குலுக்கும், அம்மாவின் முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துப் போங்கள்.