கேளுங்கள் அக்காவிடம்: அபராதத்தோடு முடியாத வழக்கு

கேள்வி: அக்கா, எங்கள் மகன் நாலு வயதில் எங்களோடு கனடா வந்தவன். இப்போது 27 வயது. நாங்கள் குடியுரிமைக்குப் போட்டபோது அவனுக்கு 18 தாண்டிவிட்டது. பிறகு போடுகிறேன் என்று இழுத்தடித்து, இன்னும் பிஆரில்தான் (நிரந்தர வதிவிட உரிமையில்தான்) இருக்கிறான். போன மாதம் கலியாண வீட்டிலிருந்து வரும் வழியில், குடித்துவிட்டு ஓட்டியதாகப் பொலிஸ் வழக்குப் போட்டிருக்கிறது. ஒருவருக்கும் காயமில்லை. ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடியும் என்கிறார்கள் அவனுடைய சிநேகிதர்கள். ஒப்புக்கொள்ளட்டுமா?
- ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு அவன் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சிநேகிதர்கள் சொல்வது பாதி சரி. முதல் தடவை என்றால் பெரும்பாலும் 1000 டொலரும் அதற்கு மேலும் அபராதம், ஒரு வருடமாவது வாகனம் ஓட்டத் தடை, அவ்வளவுதான். ஆனால் குடிவரவுச் சட்டம் நீதிபதி கொடுத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எத்தனை வருடச் சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதோ, அதையும் பார்க்கும். 10 வருடம் என்றால் அது 'பாரதூரமான குற்றம்'. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு 5 வருடமாக இருந்ததை 2018 டிசம்பர் 18 முதல் 10 வருடமாக்கிவிட்டார்கள். ஒருநாள்கூட உள்ளே இருக்காதவனுக்கும் நாடுகடத்தல் கடிதம் வரலாம்.

நான் இருபது வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது நீதிபதி சில கேள்விகள் கேட்பார். "நீங்கள் குடியுரிமை பெறாதவர் என்றால் குடிவரவு விளைவுகள் ஏற்படலாம், விளங்குகிறதா?" என்பதும் அதில் ஒன்று. அதை எத்தனை தடவை தமிழில் சொல்லியிருப்பேன்! எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். ஒரு பொடியன் "ஓம்" சொல்லிவிட்டு, வெளியே வந்து என்னிடம், "அன்ரி, விளைவு என்றால் என்ன?" என்று கேட்டான். மொழிபெயர்ப்பவள் அறிவுரை சொல்லக்கூடாது, அது விதி. லோயரிடம் கேள் தம்பி என்று அனுப்பிவிட்டேன். இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டதே அந்தப் பொடியனை நினைத்துத்தான்.

சரி, என்ன செய்யலாம்? குற்றவியல் லோயரிடம் முதல் வார்த்தையாகவே "மகன் பிஆர்" என்று சொல்லுங்கள். அதோடு குடிவரவு லோயர் ஒருவரையும் பாருங்கள். இரண்டு பேருக்கும் காசா என்று யோசிக்காதீர்கள். ஆதாரம் பலவீனமாக இருந்தால், ஒன்ராறியோவின் வீதிச் சட்டத்தின் கீழ் 'கவனக்குறைவாக ஓட்டியது' என்று மாற்றிக்கொள்ள அரசுத் தரப்பு சில வேளை சம்மதிக்கும். அது குற்றவியல் குற்றமே அல்ல.

தீர்ப்பு எதிராக வந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. எல்லைச் சேவை அதிகாரிகள் விளக்கம் கேட்டு எழுதுவார்கள். அந்தக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். வழக்கை மேலே அனுப்பாமல் எச்சரிக்கையோடு விட்டுவிட அவர்களால் முடியும். நாலு வயதில் வந்தது, இங்கே படித்தது, வேலை, உங்கள் உடல்நிலை எல்லாம் அந்தப் பதிலில்தான் உதவும். மீறி நாடுகடத்தல் உத்தரவு வந்தால், 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு அந்த மேன்முறையீடு கிடையாது. 2013 வரைக்கும் அந்த எல்லை இரண்டு வருடமாக இருந்தது. ஒருநாள் குறைந்தாலும் ஒருவர் தப்பலாம் என்பதால்தான், குடிவரவு விளைவையும் யோசித்துத் தண்டனை கொடுக்க நீதிபதிக்கு இடமுண்டு என்று அதே 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

குடியுரிமைக்கு இப்போது ஓடாதீர்கள். வழக்கு எப்படி முடிகிறது என்று பார்த்துப் போடலாம். இந்த வழக்குக்கு முதல் நாள்வரை அவன் அதை எடுத்திருந்தால், இந்தக் கடிதமே எனக்கு வந்திராது. கோபம்தான் வருகிறது, உங்கள்மேல் அல்ல.

கேள்வி: கடையில் சின்னப் பொருள் எடுத்ததாக மனைவிமேல் வழக்கு. பிஆர் போய்விடுமா?
- ஒரு வாசகர், பிராம்ரன்

பதில்: 5000 டொலருக்குள் களவு என்றால் அதிகபட்சமே இரண்டு வருடம். ஆறு மாதத்துக்கு மேல் சிறை கிடைத்தால்தான் பிஆருக்கு ஆபத்து. சின்னப் பொருளுக்கு அப்படி நடப்பது அரிது. ஆனாலும் லோயர் இல்லாமல் நீதிமன்றம் போகவேண்டாம், தம்பி.